அடுத்த நாற்காலி

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? இங்கே உன் அத்தானும் சின்னவளும் சுகம். என் சுகம் உனக்குத் தெரிந்ததுதான்.

பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நான் கேட்டது கிட்னி, நீ அனுப்பியிருப்பது உபநிடதம். அதுவும் நீயே உரை எழுதியது. பின்னட்டையில் கைகட்டிக்கொண்டு உன் போட்டோ. உன் அத்தான் உள்ளிருந்து, "என்னடி தனியா சிரிக்கிற?" என்றார். "தம்பி அனுப்பிட்டான்" என்றேன். ஒரு நொடி அவர் முகம் மலர்ந்ததே, அதை நீ பார்த்திருக்க வேண்டும். பிறகு புத்தகத்தைக் காட்டினேன். போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

போனில் பேசினால் நம் இரண்டு பேருக்கும் சண்டைதான். போன மாதம் நான் கேட்ட ஒரு கேள்விக்கு நீ மரணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாய். நான் பாதியிலேயே வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம். டயாலிசிஸ் நாற்காலியில் கிடக்கும்போது எனக்குக் கை சும்மாதான் இருக்கிறது. நீயும் எழுத்திலேயே பதில் சொல். எழுத்தில் சுற்றி வளைத்தால் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும்.

மறுபடியும் சொல்கிறேன். வாரம் மூன்று தடவை என் ரத்தத்தை எந்திரம்தான் கழுவித் தருகிறது. இடது கையில் ஊசி குத்துகிற குழாய் அடைத்துப்போய்விட்டது. இப்போது கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். அதுவும் போனால் அடுத்தது எங்கே என்று டாக்டருக்கே தெரியவில்லை. இதயமும் களைத்துவிட்டதாம். "இந்த வருஷத்துக்குள்ள யாராவது கிட்னி குடுத்தா நல்லதும்மா" என்றார். "இல்லன்னா?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். உன் அத்தானுக்குச் சர்க்கரை, அவரிடம் எடுக்க முடியாது. எனக்கிருக்கும் ஒரே பிள்ளை சின்னவள், அவளுக்கும் வயது போதாது. மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான்.

தருவாயா, மாட்டாயா? ஒரு வரி எழுது, போதும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா


ஜனவரி 27

அன்பு அக்காவுக்கு வணக்கம்.

இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்குப் பரீட்சை நேரம். வீட்டில் அவளுக்குத்தான் முதுகுவலி. எனக்குக் கல்லூரி வகுப்புகள், சனி ஞாயிறு வந்தால் சொற்பொழிவுகள். கால் தரையில் பாவவில்லை. அதனால் தாமதம், மன்னிக்கவும்.

அக்கா, புத்தகத்தைக் கேலி செய்யாமல் படி. உடம்பு என்பது நாம் குடியிருக்கும் வாடகை வீடு. அதன் கூரை ஒழுகினால் நாமே ஒழுகுவதாக நினைத்துக் கலங்குகிறோம். உண்மையில் நீ எதுவோ, அதற்கு நோய் இல்லை, அழிவு இல்லை. உன்னிடம் இருப்பதும் என்னிடம் இருப்பதும் எறும்பிடம் இருப்பதும் ஒன்றே. இதை ஒரு மதத்துக்காரருக்கு என்றோ ஒரு நாட்டுக்காரருக்கு என்றோ அந்த முனிவர்கள் சொல்லவில்லை. மனிதராகப் பிறந்த எல்லோருக்கும் சொன்னார்கள். இந்தப் பழைய நூலின் பெருமையே அதுதான். நான்காம் அத்தியாயத்தை மட்டுமாவது நிதானமாகப் படி. மனம் அடங்கும்.

நீ கேட்ட விஷயத்தை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நேரம் கூடி வரட்டும், பார்க்கலாம். அத்தானை மிகவும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன்
தம்பி


பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

உன் வீட்டுக்காரிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, மாத்திரையாக விழுங்க வைக்காதே. இங்கே இருக்கிறோம்.

படித்தேன். உன்னோடு சண்டை போட ஏதாவது கிடைக்காதா என்றுதான் படித்தேன். கிடைத்தது. "இந்த உடம்பு நான் அல்ல" என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறாய். சரி சாமியாரே, உடம்பு நீ இல்லையென்றால் அதிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கொடுப்பதில் உனக்கு என்ன நஷ்டம்? வாடகை வீட்டில் ஒரு ஜன்னலைக் கழற்றித் தரச் சொன்னால் குடியிருப்பவன் ஏன் இப்படி நடுங்குகிறான்? ஊருக்குத்தான் உபதேசமா, உனக்கு இல்லையா?

டயாலிசிஸ் நாற்காலியில் கிடந்தபடி சத்தமாகத்தான் படிக்கிறேன். அடுத்த நாற்காலியில் ஒரு லாரிக்காரர். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாள், ஒரே நேரம். இந்த நோயில் அவருக்குக் கண்ணும் மங்கிவிட்டது. வேறு சாமி கும்பிடுகிறவர். ஆனாலும், "சும்மாதானக்கா கிடக்குறோம், சத்தமா படிங்க" என்றார். அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து அவர் காலடியில் உட்கார்ந்திருப்பாள். அவளும் கேட்கிறாள்.

ஒரு அப்பா மகனிடம் தண்ணீரில் உப்பைப் போடச் சொல்கிறாரே, அந்தக் கதை வந்தது. மறுநாள் எந்தப் பக்கம் குடித்தாலும் கரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கும் இருக்கிறது, நீயும் அதுதான் என்கிறார் அப்பா. லாரிக்காரர் என்னை நிறுத்தினார். "ஏங்க்கா, நமக்கு உப்பும் கூடாது, தண்ணியும் கூடாது. நமக்குன்னு வேற உதாரணம் வச்சிருக்கக் கூடாதா?" நர்ஸ் உட்பட எல்லோரும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகு, "எங்க வேதத்துலயும் சுத்திச் சுத்தி இதத்தான் சொல்லியிருக்கு" என்றார். நீ மேடை போட்டுச் சொல்வதை அந்த மனிதர் படுத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"பார்க்கலாம்" என்பது பதில் இல்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருக்காதே. எனக்கு நேரமில்லை.

அக்கா


மார்ச் 30

தம்பிக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்கிறார் உன் அத்தான். அவர் நல்ல மனிதர், எல்லாவற்றையும் தபால்காரர் தலையில் போட்டுவிடுவார்.

போன வாரம் நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது. படுத்தாலும் மூச்சு இல்லை, உட்கார்ந்தாலும் மூச்சு இல்லை. யாரோ தலையைப் பிடித்துத் தொட்டியில் அமுக்கின மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் உன் புத்தகத்தை நினைத்தேன். எனக்கு நோயில்லை, எனக்குச் சாவில்லை என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை தம்பி. சின்னவள் கையைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள், "பதினெட்டு ஆனதும் நான் குடுத்துடறேம்மா. அதுவரைக்கும் எப்படியாவது இரும்மா" என்றாள். ஒரு தாய் கேட்கிற பேச்சா இது?

எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. கேலி, சிரிப்பு எல்லாம் வெளியேதான். உள்ளே பயம் தவிர வேறு எதுவும் இல்லை. மாட்டேன் என்றாவது எழுதிவிடு. எழுதிவிட்டால் வாசலில் தபால்காரர் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து உட்கார மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

உன் நலத்தை விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். மூச்சு இப்போது பரவாயில்லையா?

பயம் அக்கா. வேறு எதுவும் இல்லை. உன் இரண்டாவது கடிதம் வந்ததும் பரிசோதனைக்குப் போனேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன், நேராக வாசலுக்கு நடந்தேன், டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் எனக்கு ஒரு சொற்பொழிவு. தலைப்பு அச்சமின்மை. கைதட்டினார்கள். வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன், பேனாவே ஓடவில்லை. அதற்குப் பிறகு எழுத வெட்கமாகிவிட்டது.

சின்ன வயதில் ஊசி போட நர்ஸ் வந்தால் நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன், நீதான் காலைப் பிடித்து இழுப்பாய். இப்போதும் இழுத்துவிட்டாய். நாளை மறுநாள் போகிறேன். என் வீட்டுக்காரியும் கூட வருகிறாள். "நீங்க உள்ள போங்க, நான் வாசல மறிச்சிட்டு நிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

தருகிறேன் அக்கா. நீ கேட்ட ஒரு வரி இதுதான்.

தம்பி


ஏப்ரல் 17

அடேய் என் ராஜா,

நன்றாக இரு. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். உன் கடிதத்தை அத்தான் திரும்பத் திரும்பப் படித்தார். சின்னவள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். வாசலை மறித்து நின்ற மகராசிக்கு என் கும்பிடு.

லாரிக்காரரிடமும் சொன்னேன். "நல்ல சேதிக்கா" என்று சிரித்தார். அவர் மனைவிக்குத் தன் கிட்னியைக் கொடுக்க ஆசை, ரத்த வகைதான் சேரவில்லை. வேறு யாரும் அவருக்கு இல்லை. அவர்கள் இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். எனக்குத்தான் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

உன் அக்கா


மே 22

அன்புத் தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகமா? நீ கொஞ்சம் உட்கார்ந்து படி.

உன் பரிசோதனை முடிவு இங்கே வந்துவிட்டது. உன் ரத்தம் எனக்குச் சேராது. "ரெண்டும் ஒரே அச்சு" என்று அம்மா பார்த்தவர்களிடமெல்லாம் சொல்வாளே, நாமும் அதையே நம்பிக்கொண்டு இருந்துவிட்டோம். ஊசிக்குப் பயந்து நீ ஒருநாளும் ரத்த வகை பார்த்துக்கொண்டதில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. டாக்டர் சொன்னபோது எனக்குக் காது அடைத்துவிட்டது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது.

ஆனால் அடுத்த தடவை போனபோது அவர் என்னையும் லாரிக்காரர் மனைவியையும் கூப்பிட்டார். உன்னுடையது லாரிக்காரருக்குச் சேருமாம். அவளுடையது எனக்குச் சேருமாம். நீ அவருக்குக் கொடு, அவள் எனக்குக் கொடுப்பாள். நாலு பேருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன். இப்படி மாற்றிக்கொள்வது உண்டாம். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "சரி டாக்டர், எப்ப வரணும்?" என்று கேட்டுவிட்டு, பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்க வேண்டியது முறை இல்லையா? சீக்கிரம் எழுது.

அக்கா


ஜூன் 6

அன்பு அக்காவுக்கு,

நலம். உன் நலத்தை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

கடிதத்தை அவளிடம் காட்டினேன். "உங்க அக்காவுக்குன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன். யாரோ ஒரு லாரிக்காரருக்கு எதுக்குங்க?" என்று கேட்டாள். என் மனதில் இருந்ததும் அதே கேள்விதான்.

கத்தி வரும்போது உன் முகத்தை நினைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடலாம் என்று இருந்தேன். இவர் முகம் எனக்குத் தெரியாது. குடிப்பாரா? மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவாரா? ஒரே வருஷத்தில் பாழாக்கிவிட்டால்? அந்த அம்மாள் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டால் உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை என்று ஆகாதா? அந்த நூல் சொல்கிறதே, எல்லோரிடமும் இருப்பது ஒன்றே என்று, அதை நான் பொய்யாகச் சொன்னதில்லை அக்கா. நம்பித்தான் சொன்னேன். தர்க்கம் பிசகாமல் நிரூபிக்கவும் எனக்குத் தெரியும். ஆனால் என் வயிறு என்று வந்தபோது நீ அக்கா, அவர் யாரோ. அவ்வளவுதான் என் ஞானம்.

என்னால் முடியாது. உனக்குச் சேருகிற வேறு யாரையாவது தேடலாம். நானும் விசாரிக்கிறேன். என்னை வெறுத்துவிடாதே.

தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

அத்தானும் சின்னவளும் இருக்கிறார்கள். நானும் இன்னும் இருக்கிறேன்.

உன்னைத் திட்டப்போவதில்லை, அதற்குத் தெம்பு இல்லை. உன் புத்தியில் வந்தது என் புத்தியிலும் வந்ததுதான். யாரோ ஒருத்தியின் உறுப்பு என் வயிற்றுக்குள் கிடக்கப்போகிறதே என்று எனக்கும் கூசியது. என் தம்பியுடையதாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஏங்கினேன். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்த கதைதான். அவளோ வேனை நிறுத்திவிட்டு வந்து, "அக்கா, ஆபரேஷனுக்கு முன்னாடி நான் என்ன சாப்பிடணும், சாப்பிடக் கூடாதுன்னு கேட்டீங்களா?" என்கிறாள்.

நீ மாட்டேன் என்றதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. கல்லூரியில் வேலை, யோசிக்கிறான் என்றேன். "யோசிக்கட்டும்க்கா, உடம்பு விஷயம் இல்லையா" என்றாள் அவள். லாரிக்காரருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "அந்தப் பயம் வர்ற பக்கத்த இன்னொருதரம் படிங்கக்கா" என்று மட்டும் கேட்டார். இரண்டாவது ஆள் என்று ஒருவர் இருக்கும்வரைதான் பயம், அப்படி ஒருவர் இல்லையென்றால் யாரைப் பார்த்துப் பயப்படுவது என்று வருகிறதே, அந்தப் பக்கம். படித்தேன். கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார்.

இப்போதெல்லாம் அவர் ரொம்ப வாடிவிட்டார். ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அழுத்தம் இறங்கிவிடுகிறது. எந்திரம் கத்தும், நர்ஸ் ஓடி வருவாள், தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்துவாள். அந்த நேரத்தில் எனக்கு உள்ளங்கை வேர்த்து மூச்சு அடைக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை, என் எந்திரம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ஆனாலும் அடைக்கிறது. எனக்கு மூச்சு முட்டியபோது உன் புத்தகம் உதவவில்லை என்று எழுதினேனே, அது நிஜம். ஆனால் அவருக்கு முட்டினால் எனக்கு ஏன் முட்டுகிறது? அவர் எனக்கு மாமனா, மச்சானா? இதற்குப் பதில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். அந்த நூலில்தான் இருக்கிறது தம்பி. எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ இதைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். கீழே நீதான் உரை எழுதியிருக்கிறாய். நன்றாகவே எழுதியிருக்கிறாய். எடுத்துப் படி.

வேறு யாரும் கிடைக்கவில்லை. கிடைக்கவும் மாட்டார்கள்.

அக்கா


ஜூலை 28

அன்பு அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? கேட்கவே நடுக்கமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மேடையில் உப்புக் கதையை எடுத்தேன். எத்தனையோ தடவை சொன்ன கதை. எந்தப் பக்கம் குடித்தாலும் கரிக்கிறது என்ற இடத்தில் வாய் கட்டிவிட்டது. முன்வரிசையில் இருந்த முகம் ஒவ்வொன்றும் லாரிக்காரராகத் தெரிந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லி இறங்கிவிட்டேன். அது பொய்யும் இல்லை.

லாரிக்காரருக்குக் கொடுக்கப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். மூன்றாம் நாள் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். "நானும் வரேன். நீங்க பாதியில ஓடினா யாரு பிடிக்கிறது?" என்றாள்.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி காலையில் வந்து சேருகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று. டாக்டரிடம் சொல். லாரிக்காரரிடம் முதலில் சொல். குடிப்பாரா என்று நான் கேட்டதை மட்டும் சொல்லாதே.

தம்பி


ஆகஸ்ட் 5

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. லாரிக்காரர் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார். வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுவிட்டதாம்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

இன்று அவர் மனைவி டயாலிசிஸ் இடத்துக்கு வந்தாள். என் பக்கத்தில் நின்று, "டாக்டர்கிட்ட பேசிட்டேன்க்கா. உங்களுக்குக் குடுக்கறேன்னு சொன்னேன்ல, அது அப்படியேதான் இருக்கு" என்றாள். "உன் வீட்டுக்காரரே போயிட்டாரேம்மா, உனக்கு இனிமே என்ன?" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆறு மாசமா எங்களுக்கு என்ன படிச்சுக் காட்டினீங்க? அதெல்லாம் அவரு இருந்தாத்தானா?" என்று கத்தினாள். பிறகு அழுதாள். எனக்குக் குழாய் இருந்ததால் எழுந்து கட்டிக்கொள்ளக்கூட முடியவில்லை.

ஆனால் உறவில்லாதவரிடமிருந்து சும்மா வாங்கிக்கொள்ள இங்கே அனுமதி கிடையாதாம். பதிலுக்கு நம் பக்கத்திலிருந்து ஒருவர், காத்திருப்பவர்களில் அடுத்தவருக்குக் கொடுத்தால் ஒப்புக்கொள்வார்களாம். உன்னுடையது சேருகிறவர்களில் அடுத்து நிற்பவரைத்தான் இன்று லாரிக்காரரின் நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். லாரிக்காரரைப் பற்றியாவது உனக்கு நாலு வரி எழுதினேன். இவரைப் பற்றி எனக்கே எதுவும் தெரியாது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் இடத்தில் இன்னொருவரைப் பார்க்க மனசு வரவில்லை.

மறுபடியும் கேட்க வாய் கூசுகிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. எனக்கு வாழ வேண்டும் தம்பி. சின்னவளை விட்டுவிட்டுப் போக முடியாது. கொடுப்பாயா? அவர் யார், எப்படிப்பட்டவர், குடும்பம் எப்படி என்று அடுத்த தடவை எல்லாம் விசாரித்து எழுதட்டுமா?

அக்கா


ஆகஸ்ட் 11

அன்பு அக்காவுக்கு,

சின்னவளிடம் மாமா வருகிறான் என்று சொல்.

லாரிக்காரர் மனைவியிடம் எனக்காக நீ எதுவும் பேச வேண்டாம். நானே நேரில் நிற்கிறேன். என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அவர் போனார். அதை எந்த உரை எழுதியும் மூட முடியாது.

டிக்கெட்டை மாற்றவில்லை. பதினெட்டாம் தேதி காலையில் வருகிறோம். பயம் அப்படியேதான் இருக்கிறது, கொஞ்சமும் குறையவில்லை. குறைந்த பிறகு வருவது என்றால் நான் வரவே மாட்டேன்.

அந்த நாற்காலியில் இருப்பவர் யார் என்று விசாரிக்காதே அக்கா. ஆணா பெண்ணா என்றுகூட எனக்கு எழுதாதே. தெரிந்தால் மறுபடியும் யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

தம்பி